சேலம் – சென்னை: வான்வழித் தொலைவும் பறக்கும் நேரமும்

சேலம் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 265 கி.மீ. ஆகும். விமானிகளின் கணக்கில் இது 143 கடல் மைல். இதே இரு நகரங்களுக்கிடையே ரயில் பாதையின் நீளம் சுமார் 335 கி.மீ., ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகச் செல்லும் சாலையின் நீளம் சுமார் 340 கி.மீ. இந்த வழித்தடத்தில் இயக்கப்படும் ஏ.டி.ஆர். 72 வகை விமானம் மணிக்கு 500 கி.மீ.க்குச் சற்று மேலான வேகத்தில் பறக்கக்கூடியது. வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரப் பயணம். ஆனால் கால அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டியே குறிப்பிடப்படுகிறது. மீதி அரை மணி நேரம் எங்கே போகிறது என்பதும், சேலத்துக்குத் தெற்கே உள்ள புதுச்சத்திரம் போன்ற ஊரில் இருப்பவருக்கு இந்த விமானத்தால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

எங்கிருந்து எங்கே

தொலைவைச் சொல்வதற்கு முன் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். "சேலம்" என்றால் சேலம் நகரம் அன்று. நகரிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. வடமேற்கே, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கும் விமான நிலையம். "சென்னை" என்றால் கோட்டையோ சென்ட்ரலோ அன்று. நகரின் தென்மேற்கில் மீனம்பாக்கம், திரிசூலம் பகுதியில் இருக்கும் விமான நிலையம். இணையத்தில் கிடைக்கும் தொலைவுக் கணிப்பான்கள் பல, ஊரின் நடுப்புள்ளியை எடுத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. அதனால்தான் ஒரு தளம் ஓர் எண்ணையும் இன்னொரு தளம் வேறோர் எண்ணையும் காட்டுகின்றன. இரண்டும் தவறல்ல, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

புதுச்சத்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே குறிப்பிடப்படுவது நாமக்கல் மாவட்டத்தில், சேலம் – நாமக்கல் தேசிய நெடுஞ்சாலையில், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாக உள்ள புதுச்சத்திரம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, ரயில் நிலையத்துடன் ஒரு புதுச்சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் தங்குவதற்குச் சத்திரம் கட்டிய இடங்களிலெல்லாம் இப்படிப்பட்ட பெயர்கள் தோன்றுவது இயல்பே. கணிப்பான் கடலூர் மாவட்டத்து ஊரை எடுத்துக்கொண்டால் சென்னைக்கான நேர்கோட்டுத் தொலைவு நூறு கிலோமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். நாமக்கல் மாவட்டத்து ஊரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 280 கி.மீ.யை ஒட்டி வருகிறது. ஆனால் அந்த எண்ணால் பயணிக்கு யாதொரு பயனும் இல்லை. புதுச்சத்திரத்தில் விமானம் ஏற முடியாது.

தொலைவைக் கணக்கிடுதல்

பூமி ஏறத்தாழ உருண்டை. உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு துண்டு. வான்வழித் தொலைவு என்று சொல்லப்படுவது இந்தத் துண்டின் நீளமே. சென்னையிலிருந்து லண்டன் போன்ற 8,000 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் இந்த வழி தட்டையான வரைபடத்தில் வளைந்து தெரியும். சேலம் – சென்னை போன்ற சிறு தொலைவில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கோண கணிதச் சூத்திரம் எதுவுமின்றி, பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டே நம்பத்தக்க விடையைப் பெறலாம்.

சேலம் விமான நிலையம் வட அட்சரேகை 11.78 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.07 பாகையிலும் அமைந்துள்ளது. சென்னை விமான நிலையம் 12.99 மற்றும் 80.17 பாகைகளில் உள்ளது. வடக்கு – தெற்கு வேறுபாடு 1.21 பாகை, கிழக்கு – மேற்கு வேறுபாடு 2.10 பாகை.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது நம் பகுதியில் சுமார் 110.6 கி.மீ. எனவே சென்னை, சேலத்துக்கு வடக்கே 134 கி.மீ. தள்ளி இருக்கிறது. தீர்க்கரேகையில் ஒரு பாகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. நிலநடுக்கோட்டில் 111 கி.மீ.க்குச் சற்று மேல், துருவத்தில் சுழியம். இடையில் அது அட்சரேகையின் கொசைன் மதிப்புக்கேற்பக் குறைந்துகொண்டே போகும். பன்னிரண்டரை பாகையை ஒட்டிய நம் பகுதியில் சுமார் 108.7 கி.மீ. ஆகவே சென்னை, சேலத்துக்குக் கிழக்கே 228 கி.மீ. தள்ளி இருக்கிறது.

134-இன் வர்க்கம் 17,956. 228-இன் வர்க்கம் 51,984. கூட்டினால் 69,940. இதன் வர்க்கமூலம் 264.5. பெருவட்டச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தாலும் 265 கி.மீ.தான் வருகிறது. மாணவர்கள் தங்கள் ஊருக்கும் அருகிலுள்ள விமான நிலையத்துக்கும் இதே முறையில் கணக்கிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்குள் இந்த எளிய முறையில் ஏற்படும் பிழை, மேலே செய்ததுபோல் பாகைகளை முழுமையாக்குவதால் வரும் பிழையைவிடப் பெரிதாக இருக்காது.

இதே முறையில் காமலாபுரத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் சுமார் 160 கி.மீ., கொச்சி சுமார் 255 கி.மீ., ஹைதராபாத் சுமார் 605 கி.மீ. தொலைவில் உள்ளன. ஹைதராபாத் ஏறக்குறைய நேர் வடக்கே இருப்பதால், அதன் தொலைவு முழுவதும் அட்சரேகை வேறுபாட்டிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

விமானம் அந்தக் கோட்டிலேயே பறக்கிறதா?

இல்லை. ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் காற்றுதான் திசையை முடிவு செய்கிறது. விமானம் எதிர்க்காற்றில் ஏறும், எதிர்க்காற்றிலேயே இறங்கும். அப்போதுதான் குறைந்த ஓட்டத்தில் இறக்கைக்கு வேண்டிய தூக்குவிசை கிடைக்கும். சேலம் ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காக அமைந்திருக்கிறது. அதன் இரு முனைகளுக்கும் 04, 22 என்ற எண்கள். இவை முறையே 40 பாகை, 220 பாகைத் திசைகளைக் குறிக்கும் சுருக்க எண்கள். சென்னை, சேலத்திலிருந்து ஏறக்குறைய 60 பாகைத் திசையில் இருக்கிறது. எனவே வடகிழக்குக் காற்று வீசும் நாளில் விமானம் சென்னையைப் பார்த்தபடியே மேலெழும்பலாம். ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்றில் அதற்கு முதுகைக் காட்டியபடி ஏறி, பிறகு திரும்பியாக வேண்டும். விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலை 1,600 மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்பதால், போதிய உயரம் எட்டாமல் அந்தப் பக்கம் திரும்புவதற்கும் இல்லை.

சென்னையிலும் அப்படித்தான். காற்று கிழக்கிலிருந்து வீசினால், மேற்கிலிருந்து வரும் சேலம் விமானம் அதிகம் சுற்றாமல் இறங்கிவிடும். காற்று மேற்கிலிருந்து வீசினால் விமான நிலையத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். அதோடு ஒரு பெரிய நிலையத்தில் எழுபத்தெட்டு இருக்கைகள் கொண்ட சிறு விமானமும் மற்றவற்றோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். வானில் நிற்க முடியாது என்பதால் வட்டமடிக்கும். இவையெல்லாம் சேர்ந்து 265 கி.மீ. என்பதை எளிதில் 300 கி.மீ. ஆக்கிவிடும்.

பறக்கும் நேரமும் அட்டவணை நேரமும்

மணிக்கு 510 கி.மீ. என்பது ஏ.டி.ஆர். 72 சமநிலையில் பறக்கும்போது எட்டக்கூடிய உச்ச வேகம். இந்த வழித்தடத்தில் அது சமநிலையில் பறக்கும் நேரம் மிகக் குறைவு. 17,000 அடி உயரத்துக்கு ஏற அதற்கு ஏறக்குறைய கால் மணி நேரமும் 80 கி.மீ. தொலைவும் தேவைப்படும். ஏறும்போது வேகம் மணிக்கு 350 கி.மீ.க்குக் கீழேதான் இருக்கும். அதே உயரத்திலிருந்து பயணிகளுக்குக் காது அடைக்காத வகையில் சீராக இறங்க 90 முதல் 100 கி.மீ. வேண்டும். 265-இல் இந்த இரண்டையும் கழித்தால் நடுவில் எஞ்சுவது சுமார் 90 கி.மீ. மட்டுமே. பத்துப் பதினொரு நிமிடம். சேலம் விமானத்தில் தேநீர் கேட்டவர் குடித்து முடிப்பதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஏற 14 நிமிடம், சமநிலையில் 11 நிமிடம், இறங்க 13 நிமிடம், ஓடுபாதையைச் சுற்றி வர 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், சக்கரம் தரையை விட்டது முதல் மீண்டும் தொடுவது வரை ஏறக்குறைய 43 நிமிடம்.

அட்டவணையில் இருப்பது இந்த நேரமன்று. நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல் சென்று சேரும் நிலையத்தில் தனக்குரிய இடத்தில் நிற்பது வரையிலான நேரமே அட்டவணை நேரம். சக்கரத்துக்குக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை கொடுக்கும் வரை என்று விமானத் துறையினர் சொல்வார்கள். லாரி ஓட்டுநர்கள் நிறைந்த நாமக்கல் வட்டாரத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை; சரிவில் நிறுத்திய வண்டிக்குக் கொடுக்கும் அதே கட்டைதான். சேலத்தில் ஓடுபாதைக்கு உருண்டு செல்ல ஓரிரு நிமிடம் போதும். சென்னையில் பத்து நிமிடம்கூட ஆகலாம். இவற்றின் மேல் நிறுவனம் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்து அட்டவணை போடும். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்கு மேல் தவறினால்தான் தாமதம் என்று கணக்கில் கொள்ளப்படுவதால், இந்தச் சேர்ப்பு நிறுவனத்துக்கு நல்ல பெயரை வாங்கித் தரும். "விமானம் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது" என்று மகிழும் பயணி, அந்தப் பத்து நிமிடம் முன்கூட்டியே சேர்க்கப்பட்டது என்பதை அறிந்திருப்பதில்லை.

மனக்கணக்காகப் போட ஓர் எளிய வழி உண்டு. தொலைவை விமானத்தின் வேகத்தால் வகுத்து, வரும் நிமிடங்களோடு முப்பதைக் கூட்டினால் அட்டவணை நேரம் தோராயமாகக் கிடைக்கும். ஏ.டி.ஆர். விமானத்துக்கு மணிக்கு 500 கி.மீ. என்றும் ஜெட் விமானத்துக்கு 800 கி.மீ. என்றும் கொள்ளலாம். சேலம் – சென்னை: 32 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 62 நிமிடம். சேலம் – ஹைதராபாத்: 73 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து ஒரு மணி 43 நிமிடம். தொலைவு இரண்டே கால் மடங்குக்கு மேல் கூடியும் நேரம் இரு மடங்குகூட ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பது நிமிடம் என்பது எவ்வளவு தூரம் போனாலும் மாறாத கப்பம். 160 கி.மீ. பறந்தாலும் அதைக் கட்டியாக வேண்டும், 8,000 கி.மீ. பறந்தாலும் அவ்வளவுதான். குறுந்தொலைவு விமானத்தின் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பழந்தமிழ் வழக்கில் "நாழிகை வழி" என்று ஓர் அளவு இருந்தது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் தூரம். தூரத்தை நேரத்தால் அளந்த அந்த வழக்கம் நடைக்குப் பொருந்தியது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு வேகம், நடுவில் ஒரு வேகம் என்று போகும் விமானத்துக்கு அது பொருந்தாது.

காற்று செய்யும் வேறுபாடு

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இல்லாததற்கு மேல்காற்று ஒரு காரணம். விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்தது. பயணிக்கு வேண்டியதோ தரையைச் சார்ந்த வேகம். மணிக்கு 40 கி.மீ. பின்காற்று இருந்தால் 510 என்பது 550 ஆகும், எதிர்க்காற்றானால் 470. நேர்கோட்டுத் தொலைவு முழுவதற்கும் கணக்கிட்டால் 29 நிமிடத்துக்கும் 34 நிமிடத்துக்கும் உள்ள வேறுபாடு. ஐந்து நிமிடம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னைக்குப் போகும்போதும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னையிலிருந்து திரும்பும்போதும் காற்று பெரும்பாலும் துணை நிற்கும்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கு நோக்கிப் பறப்பது விரைவாக முடியுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. விமானமும் அதைச் சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. ஓடும் ரயிலுக்குள் முன்னும் பின்னும் நடப்பவருக்கு இரு திசையிலும் ஒரே நேரம் ஆவது போலத்தான்.

வந்து போன விமானங்கள்

சேலத்துக்கு விமான நிலையம் வந்தது 1990-களில். சில காலம் விமானங்கள் வந்தன, பயணிகள் போதவில்லை, நின்றன. பல ஆண்டுகள் வெறும் ஓடுபாதையாகவே கிடந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் நிறுவனம் ஏ.டி.ஆர். விமானத்தைச் சென்னையிலிருந்து இயக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அதுவும் நின்றது. 2012-இல் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்திக்கொண்டது. 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் நிறுவனம் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ்ச் சேவையைத் தொடங்கியது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ நிறுவனங்களின் வருகையோடு பெங்களூரு, கொச்சி, சென்னை, ஹைதராபாத் ஆகிய நகரங்களுக்கு மீண்டும் விமானங்கள் பறக்கத் தொடங்கின.

இப்படி வந்து வந்து போவதற்குக் காரணம் சேலத்தில் ஆள் இல்லாமை அன்று. மேலே கண்ட கணக்கே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். எரிபொருள் மிக அதிகமாகச் செலவாவது மேலேறும்போது. ஆறு நூறு கிலோமீட்டர் பறக்கும் விமானமும் இருநூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர் பறக்கும் விமானமும் ஒரே அளவு ஏறுகின்றன, ஒரே எண்ணிக்கையில் தரையிறங்குகின்றன, நிலையக் கட்டணத்தையும் ஒரே விதத்தில் செலுத்துகின்றன. ஆனால் குறுந்தொலைவுப் பயணி கொடுக்க இசையும் கட்டணத்துக்கு ரயில் ஓர் உச்சவரம்பு வைத்துவிடுகிறது. உடான் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பவே 2016-இல் கொண்டுவரப்பட்டது. பெரும்பாலும் 200 முதல் 800 கி.மீ. வரையிலான வழித்தடங்களுக்கு அரசு நிறுவனங்களின் இழப்பை ஈடுகட்டும்; அதற்கு மாறாக, விமானத்தின் ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு உண்டு. தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பேசப்பட்டது இந்த வரம்புதான். உதவி மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. அதற்குள் வழித்தடம் தன் காலில் நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு.

ஓடுபாதை நீளமும் நான்கு கிராமங்களும்

சேலம் ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர், அகலம் 30 மீட்டர். சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர். ஏ.டி.ஆர். 72 முழுச் சுமையோடு ஏற 1,300 மீட்டரளவு போதுமென்பதால் சேலத்தில் அது தடையின்றி இயங்குகிறது. ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானத்துக்கு ஏறக்குறைய 2,100 மீட்டர் தேவை. அகலமும் 45 மீட்டர் இருப்பது வழக்கம். அதோடு சேலம் நிலையம் கடல் மட்டத்துக்கு 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் காற்று விரிந்து அடர்த்தி குறையும்போது இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறைவதால், ஓட்டம் இன்னும் நீளும்.

ஆகவே டெல்லி, மும்பை போன்ற தொலைதூர நகரங்களுக்கு ஜெட் விமானம் இங்கிருந்து பறக்க வேண்டுமானால் ஓடுபாதையை நீட்டித்தாக வேண்டும். அதற்காக 2018-இல் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய நான்கு கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தும் முயற்சி தொடங்கியது. விளைநிலத்தையும் வீட்டையும் இழக்க வேண்டியிருந்த மக்கள் கடுமையாக எதிர்த்தனர். முதலில் நிலையம் அமைக்கவே அந்தப் பகுதியினர் நிலம் கொடுத்திருந்தனர் என்பதை மறந்துவிட்டு இந்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

வானத்தில் நேர்கோடு இலவசம், தரையில் அப்படியில்லை என்பதற்கு இதே இரு நகரங்களுக்கிடையே இன்னொரு சான்று இருக்கிறது. 2018-இல் அறிவிக்கப்பட்ட சேலம் – சென்னை எட்டு வழிப் பசுமைச் சாலையின் திட்ட நீளம் 277 கி.மீ. வான்வழித் தொலைவைவிடப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் அதிகம். இப்போதுள்ள 340 கி.மீ. சாலை ஊர்களைத் தொட்டுத் தொட்டு, மலைகளை விலக்கிக்கொண்டு போவதால் நீண்டது. புதிய சாலையை விமானப் பாதை போல நேராக்க வேண்டுமானால் அது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் வயல், கிணறு, காடு, குன்று எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். விவசாயிகள் போராடினர். நில எடுப்பு நடவடிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று, உரிய அனுமதிகளைப் பெற்றுத் திட்டத்தைத் தொடர வழிவிட்டது. சாலை போடப்படவில்லை.

புதுச்சத்திரத்திலிருந்து கணக்குப் பார்த்தால்

பயணியைப் பொறுத்தவரை பொருட்படுத்த வேண்டிய நேரம் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரையிலானது. புதுச்சத்திரத்திலிருந்து சென்னை சென்ட்ரல் பகுதிக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பின்வரும் நேரங்கள் அனைத்தும் தோராயமானவை.

விமானத்தில் செல்பவர் முதலில் ஆண்டகளூர்கேட், மல்லூர் வழியாகச் சேலம் வந்து, புறவழிச்சாலையில் கருப்பூர், ஓமலூர் பக்கம் போக வேண்டும். ஏறக்குறைய 60 கி.மீ.; காரில் 70 நிமிடம். உள்நாட்டுப் பயணத்துக்கு விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி ஒப்படைக்கும் முகப்பை மூடிவிடுவது நிறுவனங்களின் வழக்கம் என்பதால், 75 நிமிடம் முன்னதாகவே அங்கே இருந்தாக வேண்டும். பறப்பதற்கு அட்டவணைப்படி 60 நிமிடம். இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 25 நிமிடம். மெட்ரோ ரயிலைப் பிடித்துச் சென்ட்ரல் சேர 45 நிமிடம். மொத்தம் 4 மணி 35 நிமிடம். இதில் வானில் கழிந்தது 43 நிமிடம்தான் என்பதை நினைவில் கொண்டால், ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

ரயிலில் செல்பவர் சேலம் சந்திப்புக்கு ஒரு மணி நேரத்தில் வந்து, இருபது நிமிடம் நடைமேடையில் காத்திருந்து, கோவை – சென்னை வந்தே பாரத் ரயிலில் ஏறினால் சுமார் மூன்றரை மணி நேரத்தில் சென்ட்ரலிலேயே இறங்குவார். மொத்தம் 4 மணி 50 நிமிடம். விமானம் கால் மணி நேரம் முந்துகிறது. பாதுகாப்புச் சோதனையில் வரிசை நீண்டாலோ, சென்னைக்கு மேலே ஒரு வட்டம் கூடுதலாக அடிக்க நேர்ந்தாலோ அந்தக் கால் மணி நேரமும் போய்விடும். வந்தே பாரத்தில் இடம் கிடைக்காமல் வேறு விரைவு ரயிலில் செல்வோருக்கு மட்டும் விமானத்தின் மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயரும்.

இரவுப் பேருந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து நகருக்குள் செல்ல மேலும் ஒரு மணி நேரம் ஆகிறது. இருந்தும் வட்டாரத்தில் பெரும்பாலோர் பேருந்தையே நாடுகின்றனர். தூங்கிக்கொண்டே போகும் ஏழு மணி நேரத்தை யாரும் இழப்பாகக் கருதுவதில்லை. பகல் வேலையும் கெடுவதில்லை, விடுதி வாடகையும் இல்லை.

சேலம் விமானம் ஐயத்துக்கு இடமின்றிப் பயன்படுவது சென்னையில் இறங்கி அங்கிருந்தே வேறு விமானம் ஏறுவோருக்குத்தான். அவர்களுக்கு நகரத்துக்குள் போகும் 45 நிமிடம் இல்லை. இரு பயணமும் ஒரே சீட்டில் இருந்தால் பெட்டியை நடுவில் எடுக்க வேண்டியதும் பெரும்பாலும் இராது. சிங்கப்பூர் செல்பவரைச் சொல்லலாம். சென்னையிலிருந்து அது சுமார் 2,900 கி.மீ.; முன்சொன்ன மனக்கணக்கின்படி 4 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அட்டவணையில் நாலேகால் முதல் நாலரை மணி. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே இருப்பதால், சீட்டில் புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடையே ஏறக்குறைய ஏழு மணி நேரம் இருப்பதுபோல் தெரியும். திரும்பி வரும்போது இரண்டு மணி நேரம்போல் தெரியும். இரண்டிலும் பறக்கும் நேரம் ஒன்றே. இந்தப் பயணத்துக்குப் புதுச்சத்திரத்தார் சேலம் விமானத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. நாமக்கல் வழியாகத் தெற்கே 105 கி.மீ. அளவு போனால் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடியாகவே விமானம் உண்டு.